மருந்துக்கு முன்னால் எடுத்த ரத்தத்தைக் கொட்டிவிடாதீர்கள்

எங்கள் ஆய்வுத் திட்டத்துக்கு நிதி தரும் துறையின் அதிகாரிகளுக்கும், நான் வேலை பார்க்கும் அரசு மருத்துவக் கல்லூரியின் நிர்வாகத்துக்கும்,

மூன்றாம் ஆண்டு நிதி கிடையாது என்று முதலில் ஒரு கடிதம் வந்தது. கொஞ்ச நாளில் இன்னொரு குறிப்பாணை: திட்டம் முடிந்துவிட்டதால் மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரைக் காலி செய்து அறையை ஒப்படைக்க வேண்டும், உள்ளே இருக்கும் மாதிரிகளை மருத்துவக் கழிவு விதிகளின்படி அப்புறப்படுத்த வேண்டும். முதல் கடிதம் டெல்லியில் தட்டச்சானது, இரண்டாவது எங்கள் மாடிப்படிக்கு எதிர் அறையில். எழுதிய இரண்டு பேருமே அந்த ஃப்ரீசரைத் திறந்து பார்த்ததில்லை. அதைத் தினமும் திறந்து மூடுகிற டெக்னீஷியன் நான். பெயர் போடவில்லை, ஒப்பந்த ஊழியர் ஏன் பெயர் போடமாட்டார் என்பது உங்களுக்குத் தெரியும்.

உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். முடக்குவாத ஓ.பி.க்கு வருகிறவர்களில், மாத்திரைக்கு மூட்டு வீக்கம் அடங்காதவர்களுக்கு டாக்டர் ஊசி எழுதுவார். டிஎன்எஃப் என்ற புரதத்தைத் தடுக்கிற ஊசி. அந்த முதல் ஊசிக்கு முன்னால் ஒருமுறை, அப்புறம் மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், ஒரு வருடம், இரண்டு வருடம் என்று ரத்தம் எடுத்து, சீரத்தையும் வெள்ளணுக்களையும் பிரித்து வைத்திருக்கிறோம். உங்கள் பட்டியலில் இதெல்லாம் சேர்த்து 'மாதிரிகள்' என்று ஒரே வரியில் போகிறது. ஆனால் அதில் ஒரு பகுதி மற்றதைப் போல இல்லை. மூன்றாம் மாத ரத்தம் வீணாகிவிட்டால் நான்காம் மாதமாவது எடுத்து ஏதோ சமாளிக்கலாம். முதல் ஊசிக்கு முன்னால் எடுத்ததை மறுபடி எடுக்கவே முடியாது. அந்த மனிதருக்கு ஊசி போட்டாகிவிட்டது, அந்த உடம்பு இப்போது வேறு. ஏரி உடைந்து தண்ணீர் போன பிறகு நேற்றைய மட்டத்தை எந்த அளவுகோலை வைத்து அளப்பீர்கள்?

டிஎன்எஃப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டியிருக்கிறது, ஏனென்றால் உங்கள் கடிதத்தில் திட்டத்தை நிறுத்துவதற்குக் காரணமாக எழுதியிருப்பது 'போதிய புதுமை இல்லை, சர்வதேசத் தரவுகள் ஏற்கெனவே உள்ளன' என்பது.

நோயெதிர்ப்பு அணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பப் பயன்படுத்தும் புரதங்களைத்தான் சைட்டோகைன் என்கிறோம். அந்தப் புரதம் தனியாக எதுவும் செய்துவிடாது. எதிரே உள்ள அணுவின் மேல் அதற்கென்று ஓர் ஏற்பி இருந்து, அதில் போய் ஒட்டினால்தான் அந்த அணுவுக்குச் செய்தி கிடைக்கும். 1975-இல் எலிகளின் கட்டியை அழுகச்செய்யும் ஏதோ ஒன்று ரத்தத்தில் இருக்கிறது என்று நியூயார்க்கில் லாய்ட் ஓல்டின் குழு எழுதியது. கட்டியை அழிக்கும் காரணி (ட்யூமர் நெக்ரோசிஸ் ஃபேக்டர், சுருக்கமாக டிஎன்எஃப்) என்றே பெயரும் வைத்தார்கள். புற்றுநோய்க்கு மருந்தாகும் என்று எதிர்பார்த்தது நடக்கவில்லை. பல வருடம் கழித்து லண்டனில் மார்க் ஃபெல்ட்மனும் ரவீந்தர் மைனியும் (மைனி நம்ம லூதியானாவில் பிறந்தவர்) முடக்குவாதம் வந்த மூட்டுக்குள் இதே புரதம்தான் மற்ற அழற்சிப் புரதங்களையும் கிளப்பிவிடுகிறது என்று காட்டி, அதைத் தடுக்கும் எதிர்ப்புரதத்தை (ஆன்டிபாடி) 1992-இல் முதன்முதலாக நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கை விரலை மடக்கமுடியாதவர்கள் மடக்கினார்கள். 2003-இல் இருவருக்கும் அமெரிக்காவின் பெரிய மருத்துவப் பரிசான லாஸ்கர் பரிசு கிடைத்தது. 2014-இல் அடலிமுமாப் என்ற டிஎன்எஃப் தடுப்பு மருந்தின் உயிரிநிகர் வடிவம் (அதே மருந்துக்கு நிகராக வேறு கம்பெனி செய்வது) உலகத்திலேயே முதலில் இந்தியாவில்தான் விற்பனைக்கு வந்தது. விலை இறங்கியது. அதனால்தான் எங்களைப் போன்ற மாவட்ட ஆஸ்பத்திரி ஓ.பி. வரைக்கும் இந்த ஊசி வந்திருக்கிறது.

இதுவரைக்கும் நல்ல கதை.

காசநோய்க் கிருமி நுரையீரலுக்குள் போனதும் உடம்பு அதைக் கொன்றுவிடுவதில்லை. பெரும்பாலானவர்களுக்கு அதைச் சுற்றி அணுக்கள் கூடி வளைத்து அடைத்து வைத்துவிடுகின்றன. கிருமி உள்ளே வருடக்கணக்கில் கிடக்கும், ஆளுக்கு ஒன்றும் தெரியாது. அந்த அடைப்பைக் கலையாமல் வைத்திருக்க டிஎன்எஃப் வேண்டும். டிஎன்எஃப்பின் முதல் ஏற்பி இல்லாத எலிகளுக்குக் காசநோய்க் கிருமியைக் கொடுத்தபோது அவை தாங்காமல் சீக்கிரமே செத்தன என்பது 1995-லேயே வந்த செய்தி. அப்படியிருக்க அதே டிஎன்எஃப்பை ஊசி போட்டு நிறுத்தினால் என்ன ஆகும்? 2001-இல் அமெரிக்காவில் கணக்கெடுத்தார்கள். இன்ஃப்ளிக்சிமாப் என்ற டிஎன்எஃப் தடுப்பு ஊசி போட்டுக்கொண்டவர்களில் 70 பேருக்குக் காசநோய் வந்ததாக வந்த அறிக்கைகளைத் தொகுத்தார்கள். பாதிப் பேருக்குமேல் நுரையீரலுக்கு வெளியே வந்திருந்தது. பெரும்பாலும் ஊசி தொடங்கிய சில வாரங்களிலேயே வந்திருந்தது.

அந்த 70-இல் 64 பேர் காசநோய் குறைவாக உள்ள நாடுகளைச் சேர்ந்தவர்கள்.

நீங்கள் சொல்லும் சர்வதேசத் தரவின் தொடக்கம் இதுதான். அதற்குப் பிறகு பிரிட்டனிலும் பிரான்ஸிலும் இந்த ஊசி போட்டவர்களைப் பற்றி நல்ல பதிவேடுகள் வந்தன, மறுக்கவில்லை, அவற்றைப் படித்துத்தான் எங்கள் திட்டத்தையே எழுதினோம். ஆனால் அங்கெல்லாம் கேள்வி, 'எப்போதோ வாங்கிய கிருமி உள்ளே கிடக்கும் சிலரைக் கண்டுபிடிப்பது எப்படி' என்பது. இங்கே? உலகக் காசநோயாளிகளில் நாலில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். கிருமியை உள்ளே வைத்திருப்பவர்கள் கோடிக்கணக்கில். பஸ்ஸில் பக்கத்து சீட்டில், வீட்டில், வேலை செய்யும் இடத்தில் புதிதாகவும் தினமும் உள்ளே போகிறது. இப்படிப்பட்ட ஊரில் டிஎன்எஃப்பைத் தடுத்தால் யாருக்கு நோய் கிளம்பும், யாருக்குக் கிளம்பாது என்பதை பிரிட்டன் பதிவேட்டை வைத்துச் சொல்லமுடியாது. புதுமை இல்லை என்று எழுதியவர் இதை யோசித்தாரா என்று தெரியவில்லை.

ஊசிக்கு முன்னால், காசநோய்க் கிருமி இருக்கிறதா என்று எங்கள் ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் எக்ஸ்ரே எடுக்கிறோம், தோல் சோதனை செய்கிறோம், முடிந்தவர்களுக்கு இன்டர்ஃபெரான்-காமா ரத்தச் சோதனையும் உண்டு. பாசிட்டிவ் வந்தால் முதலில் தடுப்பு மாத்திரை, அப்புறம்தான் ஊசி. சரி. ஆனால் எல்லாமே நெகட்டிவ் என்று வந்து, ஊசி போட்ட சில மாதத்தில் கழுத்தில் நெறி கட்டி வந்த தையல்கார அக்காவை நான் மறக்கவில்லை. காய்ச்சல் என்று வந்து, வயிற்றில் நீர் கோர்த்து, ஆறு மாதம் காசநோய் மாத்திரை சாப்பிட்ட லாரி டிரைவரையும் மறக்கவில்லை. ஏற்கெனவே ஸ்டீராய்டும் மெத்தோட்ரெக்ஸேட்டும் (நோயெதிர்ப்பை அடக்கும் மாத்திரைகள்) சாப்பிடுகிறவர்களுக்கு இந்தச் சோதனைகள் மங்கலாகத்தான் பதில் சொல்லும், வாதநோய் டாக்டர்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான் இது. அப்படியானால் வேறு எதைப் பார்ப்பது? இதுதான் எங்கள் திட்டத்தின் கேள்வி.

நாங்கள் பார்க்க நினைத்தது ஏற்பிகளை. டிஎன்எஃப்புக்கு இரண்டு ஏற்பிகள். முதலாவது ஏறத்தாழ எல்லா அணுக்களிலும் இருக்கும், இரண்டாவது முக்கியமாக நோயெதிர்ப்பு அணுக்களிலும் ரத்தக்குழாய்ச் சுவரிலும். இவை அணுவின் மேலேயே நிரந்தரமாக இருப்பதில்லை. ஒரு நொதி வந்து வெட்டிவிட, ஏற்பியின் வெளிப்பகுதி ரத்தத்தில் மிதக்கும். அப்படி மிதப்பது வழியிலேயே டிஎன்எஃப்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அதாவது உடம்பே ஒரு தடுப்பு மருந்து செய்துகொள்கிறது. எட்டனர்செப்ட் என்ற ஊசியே இந்த இரண்டாம் ஏற்பியை எதிர்ப்புரதத்தின் ஒரு துண்டோடு ஒட்டிச் செய்ததுதான். சுவாரசியம் என்னவென்றால், பிரிட்டன், பிரான்ஸ் பதிவேடுகளில் எட்டனர்செப்ட் போட்டவர்களுக்கு எதிர்ப்புரத ஊசி போட்டவர்களைவிடக் காசநோய் குறைவாக வந்திருக்கிறது. அணுவின் சவ்வில் ஒட்டியிருக்கும் டிஎன்எஃப்பை எதிர்ப்புரதங்கள் இறுகப் பிடித்துவிடுகின்றன, எட்டனர்செப்ட் அவ்வளவு பிடிப்பதில்லை என்பது ஒரு விளக்கம். ஒரே புரதத்தைத் தடுக்கும் இரண்டு மருந்துகள், காசநோய் விஷயத்தில் இரண்டு விதமாக நடக்கின்றன. அப்படியானால் ஒவ்வொருவர் உடம்பிலும் ஏற்கெனவே எவ்வளவு ஏற்பி அணுவின் மேல் இருக்கிறது, எவ்வளவு வெட்டுப்பட்டு மிதக்கிறது என்பதும் கணக்கில் வராதா? ஊசிக்கு முந்தைய ரத்தத்தில் இதை அளந்து, பிற்பாடு யாருக்கு நோய் வந்தது என்பதோடு பொருத்திப் பார்க்கவேண்டும். எங்கள் கையில் இருப்பது இப்போதைக்குப் பாதிக் கணக்கு, அதை வைத்து இதுதான் என்று நான் எதுவும் சொல்லமாட்டேன். மீதிக் கணக்கு ஃப்ரீசருக்குள் இருக்கிறது.

அதை அங்கே சேர்த்தது எப்படி என்றும் தெரிந்துகொள்ளுங்கள். டிஎன்எஃப் ரத்தத்தில் நிமிடக் கணக்கில்தான் தங்கும். ரத்தம் எடுத்த குழாயை மேசைமேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால், குழாய்க்குள் உள்ள அணுக்களே புதிதாகப் புரதத்தை விட ஆரம்பித்துவிடும், அப்புறம் அளப்பது நோயாளியின் ரத்தத்தை அல்ல, என் சோம்பலை. எடுத்த கையோடு ஐஸில் வைத்து மாடிக்கு ஓடி, சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, சின்னச் சின்னக் குப்பிகளாகப் பிரித்து வைக்கவேண்டும், ஏனென்றால் ஒருதடவை உருக்கி மறுபடி உறையவைத்தாலே அளவு மாறலாம். நாம் அளப்பதெல்லாம் பிக்கோகிராமில், ஒரு கிராமை லட்சம் கோடியாகப் பங்கிட்டால் வருகிற ஒரு பங்கு. லிஃப்ட் வேலை செய்யாத மாதங்களிலும் இது நடந்தது. கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்காத ஓர் இரவில் நானும் வாட்ச்மேன் அண்ணனும் மீன் மார்க்கெட் பக்கத்து ஐஸ் கம்பெனியை எழுப்பி, டிரை ஐஸ் அங்கே கிடைக்காது என்று தெரிந்தும் போனோம். ஃப்ரீசர் கதவைத் திறக்காமலே வைத்திருந்ததால் தப்பியது.

செலவு என்கிறீர்கள். இந்த வகை ஃப்ரீசர் ஒரு நாளைக்கு 15-லிருந்து 20 யூனிட் எடுக்கும். உங்கள் கூட்ட அறையில் ஓடும் இரண்டு ஏ.சி.க்கள் ஒரு பகலில் எடுப்பதைவிட அதிகமில்லை.

வேலை தாமதம், இரண்டு வருடத்தில் முடிக்கவேண்டியதை முடிக்கவில்லை என்றும் கடிதத்தில் இருக்கிறது. உண்மை, முடிக்கவில்லை. ஏற்பிகளை அளக்கும் கிட்டுகளும் எதிர்ப்புரதங்களும் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். முதலாம் ஆண்டுப் பணமே நிதியாண்டு முடிய ஆறு வாரம் இருக்கும்போதுதான் வந்தது. மார்ச் 31-க்குள் செலவழித்துக் கணக்குக் காட்டு என்றீர்கள், டெண்டர் விதியோ அதற்கு இரண்டு மாதம் கேட்கும். 2024 ஜூலை பட்ஜெட்டில் ஆய்வுக்கூட ரசாயனங்களுக்கான சுங்கவரியை 10 சதவீதத்திலிருந்து 150-க்கு ஏற்றினார்கள். விஞ்ஞானிகள் எல்லாரும் சத்தம் போட்டதும் சில நாட்களிலேயே ஆய்வு வேலைக்கு மட்டும் பழையபடி 10 ஆக்கினார்கள். அதற்குள் எங்கள் சப்ளையர் கொடுத்திருந்த விலைப்பட்டியலைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, புதிதாகத் தர பொங்கல் வரை இழுத்தார். கடைசியில் வந்த பெட்டி விமான நிலையத்தில் ஒரு கையெழுத்துக்காகக் கிடந்து, ஜெல் பேக் எல்லாம் வெந்நீராகிக் கைக்கு வந்தது. 2025 ஜூனில் ஆய்வு நிறுவனங்களுக்குக் கொள்முதல் விதிகளைத் தளர்த்தினீர்கள், நேரடியாக வாங்கும் வரம்பு ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சமானது, நல்ல விஷயம், நன்றி. ஆனால் அந்தச் சுற்றறிக்கை எங்கள் கணக்குப் பிரிவு வரை இறங்கி வருவதற்குள் எங்கள் பணமே நின்றுவிட்டது. இதையெல்லாம் சேர்த்துத்தான் 'முன்னேற்றம் திருப்தியாக இல்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். சம்பளம் பாக்கி பற்றி இங்கே பேசவில்லை, அதற்குத் தனியாக மனு கொடுத்திருக்கிறேன்.

2021 மே மாதம் ஞாபகம் இருக்கிறதா? அதற்கு முன்னால் சைட்டோகைன் என்ற சொல்லைக் கேள்விப்பட்டே இராத ஜனம் 'சைட்டோகைன் புயல்' என்று டீக்கடையில் பேசியது. டோசிலிசுமாப் என்று எழுதிய சீட்டை வைத்துக்கொண்டு எங்கள் வார்டு வாசலில் பிள்ளைகள் அலைந்தார்கள், கள்ளச் சந்தையில் என்ன விலை சொன்னாலும் வாங்கத் தயாராக. அந்த ஊசி ஐஎல்-6 என்ற சைட்டோகைனின் ஏற்பியை மூடும் மருந்து. ஒசாகாவில் தடாமிட்சு கிஷிமோட்டோவும் தோஷியோ ஹிரானோவும் 1986-இல் ஐஎல்-6-இன் மரபணுவைப் பிரித்தார்கள், 1988-இல் அதன் ஏற்பியையும் பிரித்தார்கள், மருந்து ஜப்பானில் முதல் அனுமதி வாங்கியது 2005-இல், அதுவும் காஸில்மன் என்ற ஓர் அரிய நோய்க்கு. நடுவில் பதினேழு வருடம். இரண்டாம் ஆண்டு முடிவில் 'முன்னேற்றம் திருப்தியாக இல்லை' என்று யாராவது அங்கே எழுதியிருந்தால்? கொரோனாவில் அது உயிரைக் காக்குமா என்ற கேள்விக்கும் பிரிட்டனில் 4,116 நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்துத்தான் பதில் சொன்னார்கள்: ஊசி போட்டவர்களில் 31 சதவீதம் பேர் இறந்தார்கள், போடாதவர்களில் 35. நூறு பேருக்கு நாலு உயிர். அந்த நாலைக் கண்டுபிடிக்கப் பொறுமையாக எண்ணவேண்டியிருக்கிறது.

நமக்கு அப்படி எண்ணத் தெரியாது என்றும் இல்லை. காசநோயாளியை சானடோரியத்தில் அடைக்கவேண்டியதில்லை, வீட்டில் வைத்தே மாத்திரை கொடுத்துக் குணமாக்கலாம் என்று 1950-களின் கடைசியில் உலகத்துக்குக் காட்டியது சென்னையில் நடந்த ஆய்வு. பிசிஜி தடுப்பூசி பெரியவர்களுக்கு நுரையீரல் காசநோயைத் தடுக்கிறதா என்று 1968-இல் தொடங்கி லட்சக்கணக்கானவர்களை வைத்து செங்கல்பட்டு மாவட்டத்தில் பார்த்தார்கள். தடுக்கவில்லை என்ற பதில் யாருக்கும் பிடிக்கவில்லை. ஆனாலும் பதினைந்து வருடம் வீடு வீடாகப் போய்ப் பார்த்து அந்தப் பதிலைச் சொன்னார்கள். எங்கள் நோயாளிகளில் வயதான சிலர் அந்தக் காலத்தில் அதே கிராமங்களில் கையை நீட்டியவர்கள். இன்றைக்கு மறுபடி நீட்டியிருக்கிறார்கள்.

அவர்கள் நீட்டியது சும்மா இல்லை, கையெழுத்துப் போட்டு. கையெழுத்துத் தெரியாதவர்கள் சாட்சி வைத்துக் கைநாட்டு. அந்த ஒப்புதல் படிவத்தை நான்தான் அவர்களுக்கு வாசித்துக் காட்டினேன். 'ஆய்வின் நோக்கத்துக்குப் பயன்படுத்தப்படும்' என்று அதில் இருக்கிறது. பணம் தீர்ந்தால் மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பையில் போட்டு எரித்துவிடுவோம் என்று இல்லை. ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017-இல் வெளியிட்ட நெறிமுறை வழிகாட்டிகளைப் பாருங்கள், உயிர்மாதிரிகளுக்கென்று தனிப் பகுதியே இருக்கிறது. மாதிரி கொடுத்தவர்தான் அதன் உடைமையாளர், நிறுவனம் வெறும் பொறுப்பாளர் என்பதுதான் அதன் நிலை. பொறுப்பாளர் உடைமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அழிக்க உத்தரவு போடலாமா? நெறிமுறைக் குழுவிடமாவது கேட்டீர்களா? குறிப்பாணையில் அந்தக் குழுவின் பெயரே இல்லை.

ஓ.பி. நாளில் அந்த அம்மாக்கள் என்னைப் பார்த்துக் கேட்பது ஒன்றே ஒன்றுதான். "அப்போ எடுத்தீங்களே, அதுல என்ன தம்பி வந்துச்சு?" இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று சொல்லிவருகிறேன். உங்கள் குறிப்பாணைக்குப் பிறகு அந்தப் பதில் பொய்யாகிவிடும், அதைச் சொல்ல நான் தயாராக இல்லை.

அதனால் நான் கேட்பவை இவை. கல்லூரி நிர்வாகம் அந்தக் குறிப்பாணையை எழுத்தில் நிறுத்திவைக்க வேண்டும், நெறிமுறைக் குழு கூடி முடிவு சொல்லும்வரை ஒரு குப்பிகூட வெளியே போகக்கூடாது. அறை வேண்டும் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள், ஃப்ரீசரை ரத்த வங்கி இருக்கும் கட்டடத்துக்கு மாற்றுங்கள், அங்கே ஜெனரேட்டர் லைன் இருக்கிறது. மாற்றும் நாளில் டிரை ஐஸுக்குப் பணம் ஒதுக்குங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நிதித் துறை மூன்றாம் ஆண்டுத் தொகை முழுவதையும் தராவிட்டாலும், கிட்டுகளுக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி (அணுவின் மேல் உள்ள ஏற்பியை அளக்கும் சோதனை) கட்டணத்துக்கும் உரிய பகுதியை விடுவிக்க வேண்டும், புதிதாக ஒரு நோயாளியையும் சேர்க்காமல் இருப்பதை மட்டும் அளந்து முடித்துவிடுகிறோம். அதுவும் முடியாது என்றால் மாதிரிகளை ஒப்புதல் படிவத்தோடும் பதிவேட்டோடும் காசநோய் ஆய்வு நடத்தும் வேறோர் அரசு நிறுவனத்தின் சேமிப்பகத்துக்கு மாற்ற அனுமதி கொடுங்கள், எங்கள் பெயரில் கட்டுரை வராவிட்டாலும் பரவாயில்லை. 'புதுமை இல்லை' என்று எழுதிய மதிப்பீட்டுக் குறிப்பின் முழு நகல் எங்கள் முதன்மை ஆய்வாளருக்கு வேண்டும், பதில் எழுத ஒரு வாய்ப்பும் வேண்டும். இனிமேல் எந்தத் திட்டத்துக்கு நிதி கொடுத்தாலும், திட்டம் நின்றால் மாதிரிகள் என்ன ஆகும், அந்த மின்சாரத்துக்கு யார் பொறுப்பு என்பதை அனுமதிக் கடிதத்திலேயே எழுதுங்கள்.

இவ்வளவும் மறுத்து, அழிப்பதுதான் முடிவு என்றால், அந்த முடிவை நோயாளிகளுக்கு நீங்களே தெரிவிக்க வேண்டும். முடக்குவாத ஓ.பி. வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குத் தொடங்கும், முதல் மாடி, எக்ஸ்ரே அறைக்குப் பக்கத்தில்.

இப்படிக்கு,
திட்ட டெக்னீஷியன்